லாஸ்ட் பெஞ்ச் தெரியும்... ‘ஒர்க் பெஞ்ச்’ தெரியுமா?

வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் மேஜை போட என்னென்ன வாங்கணும், எதை முதல்ல வாங்கணும், எதை வாங்கவே வேணாம்? பீங்கான் ஊரிலிருந்து ஒரு ஷாப்பிங் கைடு!

‘‘மச்சி, புராஜெக்ட் என்னாச்சுடா?’’

‘‘அட்வான்ஸ் கொடுத்தாச்சு மச்சி. அடுத்த வாரம் ரெடியா கைக்கு வந்துடும்!’’

ஃபைனல் இயர் வந்துட்டா எந்த இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீன்லயும் காதுல விழற டயலாக் இது. சர்க்யூட், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் பேக்கேஜ். வைவாவுல ‘இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?’னு எக்ஸ்டர்னல் கேட்டா, நாலு பேரும் சீலிங் ஃபேனைப் பார்ப்போம்.

தப்பு பசங்க மேல மட்டும் இல்லீங்க. லேப்ல ஒரு பிரெட் போர்டுக்கு நாலு பேர். ஒருத்தன் கனெக்‌ஷன் கொடுப்பான், ஒருத்தன் ரீடிங் எழுதுவான், மிச்சம் ரெண்டு பேர் வேடிக்கை பார்ப்போம். அப்படியே நாலு வருஷம் ஓடிடும். சோல்டரிங் அயர்னைக் கையால தொடாமலே ‘எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர்’னு பட்டம் வாங்கிடலாம்.

இதுக்கு ஒரே மருந்து, வீட்டுல சொந்தமா ஒரு மேஜை. பெரிய லேப் எல்லாம் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, பழைய படிப்பு மேஜை மேல, நாலடி இடம் போதும். ஆனா எதை முதல்ல வாங்கறதுங்கற வரிசைதான் முக்கியம். நம்மள்ல பல பேர் இன்டர்நெட்டுல வீடியோ பார்த்துட்டு, கலர் கலரா டூல்ஸ் வாங்கி அடுக்கிட்டு, எர்த் இல்லாத பிளக்குல அயர்னைச் சொருகுறோம். வரிசை இதுதான்: முதல்ல உயிரைக் காப்பாத்தறது. அடுத்து உண்மையைச் சொல்றது. மூணாவது ஒட்ட வைக்கிறது. மத்ததெல்லாம் அப்புறம்!

விருத்தாசலத்துக்கு என்ன சம்பந்தம்?

கடலூர் மாவட்டம், விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்து இந்த ஊருக்கு அடையாளம் பீங்கான். பீங்கானுக்குன்னே ஒரு தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே ஒரு அரசு டிப்ளமோ கல்லூரின்னு ஊரே சூளையோட வளர்ந்தது. கொலு பொம்மை, ஜாடின்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. ஆனா வீட்டு மெயின் போர்டுல இருக்கே வெள்ளை வெளேர்னு ஃபியூஸ் கேரியர், கம்பத்துல உட்கார்ந்திருக்கிற இன்சுலேட்டர்... அதுவும் பீங்கான் குடும்பம்தான்.

ஏன் பீங்கான்? களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூணையும் கலந்து ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டிச் சுட்டு எடுத்தது அது. நம்ம சோல்டரிங் அயர்னோட முந்நூத்தி ஐம்பது டிகிரி எல்லாம் அதுக்கு வெந்நீர் மாதிரி. அதோட கரன்ட்டையும் விடாது. சூட்டையும் தாங்கணும், கரன்ட்டையும் தடுக்கணும்னா, ரெண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறது பீங்கான்தான். உங்க மேஜை மேல இருக்கிற சாமான்களைக் கொஞ்சம் உத்துப் பார்த்தா, எங்கெல்லாம் ஆபத்து இருக்கோ அங்கெல்லாம் பீங்கான் ஒளிஞ்சிருக்கும். போற வழியில ஒண்ணொண்ணாக் காட்டறேன்.

இன்னொரு விஷயம். சென்னைப் பசங்களுக்கு ரிச்சி தெரு பக்கம். விருத்தாசலம் மாதிரி ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல ரயில் பயணம். ஆன்லைன்ல வாங்கினா சாமானை விட கூரியர் காசு அதிகமாகிற சமயமும் உண்டு. அதனால ‘சும்மா கிடக்கட்டும்’னு எதையும் வாங்க முடியாது. லிஸ்ட் சரியா இருக்கணும்!

மேஜைக்கு மேல ஒரு டைல்ஸ்

மேஜை மரமா இருந்தா நல்லது. இரும்பு மேஜை வேண்டாம். அது மேல ஓடற சர்க்யூட்டை வெச்சா அடியில ஷார்ட் ஆயிடும், லைன் கசிஞ்சா மேஜை மொத்தமும் ஷாக் அடிக்கும்.

‘சோல்டரிங் மேட்’னு நீலக் கலர்ல சிலிகான் விரிப்பு விக்கிறாங்க. நல்ல ஐட்டம்தான். ஆனா வீடு கட்டின மிச்சத்துல மொட்டை மாடியில ஒரு தரை டைல்ஸ் கிடக்கும் பாருங்க... அதுவே போதும்! பீங்கான்ல பண்ணின விரிப்பு. ஈயம் சொட்டினா ஒட்டாது, சுரண்டி எடுத்துடலாம். தீயாது. அடியில ஒரு பழைய துணியோ ரப்பரோ வெச்சுட்டா வழுக்காது. ஒரே குறை, கையிலிருந்து விழற சின்ன ஸ்க்ரூ எல்லாம் துள்ளிக் குதிச்சு ஓடிடும். ஸ்க்ரூவுக்குன்னு ஒரு பழைய தட்டு வெச்சுக்குங்க.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். டியூப் லைட் முதுகுக்குப் பின்னாடி இருந்தா உங்க நிழல்தான் போர்டு மேல விழும். இடது பக்கமிருந்து வர்ற மாதிரி ஒரு டேபிள் லேம்ப் வைங்க (இடதுகைக்காரர்கள் வலது பக்கம்). ஜன்னலும் பக்கத்துல இருந்தா பெஸ்ட். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல் செலவு: உயிருக்கு!

எல்லாத்துக்கும் முன்னாடி அந்த மேஜைக்குக் கரன்ட் கொடுக்கிற பிளக் பாயின்ட்டைப் பாருங்க. மூணு ஓட்டை இருக்கா? இருக்கும். மேல இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி நிஜமாவே எர்த் ஒயர் வருதா? அங்கதான் சந்தேகம். பழைய வீடுகள்ல ஓட்டை மட்டும் இருக்கும், ஒயர் இருக்காது. ஒயர் இருந்தாலும் எர்த் குழி வறண்டு போயிருக்கலாம். மல்டிமீட்டர் வெச்சு ‘230 காட்டுது’ன்னு மட்டும் நம்பாதீங்க. எங்கேயோ அரைகுறையா தொட்டுக்கிட்டிருக்கிற ஒயர்லகூட மீட்டர் வோல்டேஜ் காட்டும், ஆனா லீக்கேஜ் வந்தா அது கரன்ட்டை இழுத்துக்காது. எலெக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துலயே உருப்படியான செலவு இதுதான்.

அடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போற கரன்ட்டும் திரும்பி வர்ற கரன்ட்டும் சமமா இருக்கான்னு இது கணக்குப் பார்த்துக்கிட்டே இருக்கும். உங்க உடம்பு வழியா கொஞ்சம் தரைக்குப் போனாலும், கணக்கு உதைச்சு, கண் சிமிட்டற நேரத்துல ‘டப்’புனு கட் பண்ணிடும். மெயின் போர்டுல ஏற்கெனவே இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல இருக்கிற ‘டெஸ்ட்’ பட்டனை மாசத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பார்க்கணும். அமுக்கியும் விழலைன்னா அது வெறும் அலங்காரம்.

ஆனா உஷார்! ஒரு கையில லைன், மறு கையில நியூட்ரல்னு ரெண்டையும் பிடிச்சா கணக்கு டேலி ஆயிடும். ஆர்.சி.சி.பி-யைப் பொறுத்தவரைக்கும் நீங்களும் ஒரு பல்புதான்! அதனாலதான் பழைய மெக்கானிக்குகள் ‘லைன்ல வேலை செய்யும்போது ஒரு கையை பாக்கெட்ல வை’ம்பாங்க.

மூணாவது, ‘சீரியல் போர்டு’. எந்த டி.வி., ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனாலும் சுவத்துல ஒரு குண்டு பல்பும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்த மரப்பலகை தொங்கும். பாடப் புத்தகத்துல இதைப் பார்த்த ஞாபகம் இல்லை, ஆனா இதைவிட புத்திசாலித்தனமான கருவி கிடையாது. லைன்ல 100 வாட் குண்டு பல்பு சீரியஸா இருக்கும், அதைத் தாண்டித்தான் உங்க சாமானுக்குக் கரன்ட் போகும். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தா ஃபியூஸ் வெடிக்காது. பல்பு முழு வெளிச்சத்துல எரியும், அவ்வளவுதான். 100ஐ 230ஆல வகுங்க. என்ன ஷார்ட் ஆனாலும் அரை ஆம்பியரைக்கூடத் தொடாது. எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருந்தா பல்பு ஒரு நொடி பளிச்சுனு மின்னி மங்கிடும். அது உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற மின்னல். ஹீட்டர் மாதிரி லோடு இழுக்கிற ஐட்டம்னா பல்பு எரியத்தான் செய்யும், பயப்படாதீங்க.

ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. இதுக்கு இழை உள்ள குண்டு பல்புதான் வேணும். எல்.இ.டி. பல்பு போட்டா வேலைக்கு ஆகாது, ஏன்னா இழை சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறறதுதான் இதோட ரகசியமே. ரெண்டாவது, சீரியல் போர்டு சாமானைத்தான் காப்பாத்தும், உங்களை இல்லை. அரை ஆம்பியர்ங்கறது ஒரு ஆளைச் சாய்க்கத் தேவையானதை விட ரொம்ப ரொம்ப அதிகம்!

இந்த போர்டுல பல்பு மாட்டற ஹோல்டரைப் பீங்கான்லயே வாங்குங்க. பிளாஸ்டிக் ஹோல்டர் 100 வாட் சூட்டுல நாளாவட்டத்துல பழுத்து உதிரும்.

உண்மையைச் சொல்லும் மீட்டர்

1920-கள் வரைக்கும் வோல்ட்டுக்கு ஒரு மீட்டர், ஆம்பியருக்கு ஒரு மீட்டர், ஓமுக்கு ஒரு மீட்டர்னு தூக்கிட்டு அலைஞ்சாங்க. பிரிட்டிஷ் தபால் துறையில இன்ஜினீயரா இருந்த டொனால்ட் மெக்காடி, அலுத்துப் போய் மூணையும் ஒரே டப்பாவுல அடைச்சார். ஆம்பியர், வோல்ட், ஓம்... முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஏவோ’னு பேர் வெச்சு 1923-ல விற்பனைக்கு வந்தது. நம்ம மல்டிமீட்டரோட தாத்தா!

இன்னிக்கு சில நூறு ரூபாய்க்கு மஞ்சள் கலர் டிஜிட்டல் மீட்டர் தெருவுக்குத் தெரு கிடைக்குது. வாங்கலாமா? பேட்டரி, பிரெட் போர்டு, ஆர்டினோ மாதிரி சின்ன வோல்டேஜ் வேலைக்கு தாராளமா வாங்கலாம். ரெசிஸ்டர், டையோடு பார்க்க அது போதும். ஆனா அதைக் கொண்டுபோய் வீட்டு மெயின் லைன்ல வைக்காதீங்க. டயல்ல ‘750 வோல்ட்’னு போட்டிருக்கும். எழுதினது எல்லாம் உண்மையா என்ன?

மீட்டர்ல பார்க்க வேண்டியது ‘கேட்’ ரேட்டிங். பிளக்குல மாட்டற சாமானுக்கு கேட் 2, மெயின் போர்டுக்கு கேட் 3. லைன்ல திடீர்னு ஏற வோல்டேஜ் அடி விழுந்தா, மீட்டர் உள்ளேயே தாங்கிக்குமா, உங்க கையில வெடிக்குமான்னு சொல்ற நம்பர் இது.

அடுத்து, ஃபியூஸ். மலிவு மீட்டர்ல 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பல சமயம் ஃபியூஸே இருக்காது. பக்கத்துலயே ‘அன்ஃபியூஸ்டு’ன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, படிக்கணும். கரன்ட் அளந்துட்டு, ஒயரை அந்த ஓட்டையிலயே விட்டுட்டு, அடுத்து வோல்டேஜ் பார்க்கப் போனா... அது அளக்கிறது இல்லை, நேரடி ஷார்ட்! நல்ல மீட்டரைத் திறந்தா உள்ளே வெள்ளையா ஒரு குழாய் இருக்கும். நம்ம பீங்கான்! கண்ணாடி ஃபியூஸ்ல பெரிய கரன்ட் பாய்ஞ்சா கம்பி உருகின பிறகும் நெருப்புப் பொறியா ஆர்க் ஓடிக்கிட்டே இருக்கும், கண்ணாடி சிதறலாம். பீங்கான் குழாய்க்குள்ள மணல் நிரப்பியிருப்பாங்க. அந்த மணல் ஆர்க்கை உறிஞ்சி அணைச்சுடும். ஃபியூஸ் போனா அதே ரகத்தைத்தான் போடணும், சிகரெட் பேப்பர் ஜிகினா சுத்தற வேலை எல்லாம் கூடாது.

இன்னொரு டிப்ஸ். மலிவு மீட்டர்ல பேட்டரி இறங்கினா ரீடிங் ஏறும்! புது பென்டார்ச் செல்லை அளந்து பாருங்க. 1.6-ஐ ஒட்டி வரணும். ரெண்டு வோல்ட் காட்டினா, செல்லுக்கு யோகம் அடிக்கலை, மீட்டரோட 9 வோல்ட் பேட்டரியை மாத்தணும்னு அர்த்தம்.

காசு குறைவா இருந்தா இப்ப சின்ன மீட்டர் ஒண்ணு, வேலைக்குப் போன பிறகு கேட் 3 மீட்டர் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாலும் பிரயோஜனம்தான். ஒரே நேரத்துல வோல்ட்டும் ஆம்பியரும் பார்க்க ரெண்டு மீட்டர் வேணுமே!

ஒட்ட வைக்கும் கை

சோல்டரிங் அயர்ன்ல முதல் கேள்வி வாட். பி.சி.பி. வேலைக்கு 25 வாட் பென்சில் அயர்ன். தடிமனான ஒயர், டிரான்ஸ்ஃபார்மர் டேக் மாதிரி வேலைக்கு 60 வாட். ‘வாட் கூடுனா சூடு கூடும், சீக்கிரம் முடிச்சுடலாம்’னு 60-ஐ எடுத்து ஐ.சி. காலில் வெச்சா, போர்டுல ஒட்டியிருக்கிற செம்புத் தடமே பேர்த்துக்கிட்டு வரும்.

ரெண்டாவது, முனை. சாதா செம்பு முனையை ஈயத்துல இருக்கிற வெள்ளீயம் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். குழி விழும், அரத்தால ராவிச் சரி பண்ணலாம். இரும்பு முலாம் போட்ட முனை பல மடங்கு உழைக்கும். ஆனா அதை ராவினா முலாம் போய் முனை அன்னிக்கே காலி. ஈரப் பஞ்சுல துடைங்க, இல்லைன்னா பித்தளைச் சுருள்ல குத்தி எடுங்க. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி முனையில கொஞ்சம் ஈயம் பூசி விட்டுட்டுப் போங்க. துரு ஏறாம அடுத்த நாளும் பளபளன்னு இருக்கும்.

மூணாவது, ஹீட்டர். பழைய பாணி அயர்ன்ல நிக்ரோம் கம்பியை மைக்கா மேல சுத்தியிருப்பாங்க. சூடு கட்டுப்பாடு உள்ள ஸ்டேஷன்ல பெரும்பாலும் செராமிக் ஹீட்டர். அலுமினா பீங்கானுக்கு உள்ளேயே சூடாகிற தடத்தைப் புதைச்சு சுட்டு எடுத்த குச்சி அது. சட்டுனு சூடாகும், சொன்ன டிகிரியில நிக்கும். கையில கொஞ்சம் கூடுதல் காசு இருந்தா அதை இங்கே போடுங்கன்னுதான் நான் சொல்வேன். ஆனா ஒண்ணு, முனையில இருக்கிற ஈயத்தை உதற அயர்னை மேஜை மேல ‘டொக் டொக்’னு தட்டற பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளே இருக்கிறது பீங்கான். பொம்மை கீழே விழுந்தா என்ன ஆகும்னு விருத்தாசலத்துக்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன?

எந்த அயர்னா இருந்தாலும் மூணு பின் பிளக் கட்டாயம். முனையில லீக்கேஜ் இருந்தா உங்களுக்கும் ஆபத்து, மாஸ்ஃபெட்டுக்கும் ஆபத்து. ஸ்டாண்டும் கட்டாயம். ‘அயர்னை இஞ்சி டீ கிளாஸ்ல சாய்ச்சு வெச்சேன்’ கதை எல்லாம் பெட்ஷீட் தீயறதுலதான் போய் முடியும்.

ஈயத்துல 63/37 அல்லது 60/40. வெள்ளீயம் 63, காரீயம் 37 கலந்தா 183 டிகிரியில டக்குனு உருகி டக்குனு உறையும். 60/40 உறையறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கூழா நிக்கும். அந்த நேரத்துல கை ஆடினா ‘டிரை சோல்டர்’. பார்க்க ஒட்டின மாதிரியே இருக்கும், தட்டினா வேலை செய்யும், தட்டலைன்னா செய்யாது. நம்ம வீட்டு பழைய டி.வி. தலையில அடி வாங்கினது பாதி நாள் இதனாலதான்! கம்பெனிகள் காரீயம் இல்லாத ஈயத்துக்கு மாறிட்டாங்க. ஐரோப்பா 2006 ஜூலையிலிருந்து காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும். கை பழகற வரைக்கும் 63/37-ல ஆரம்பிக்கிறது சுலபம்.

வாங்கும்போது கடையில ‘22 கேஜ், உள்ளே ஃப்ளக்ஸ் உள்ளது’ன்னு கேளுங்க. முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கம்பி, பி.சி.பி-க்கு அளவான சைஸ். தகரம் பத்த வைக்கிறவங்க பயன்படுத்தற ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கம் மட்டும் போகாதீங்க, போர்டை அரிச்சுடும்.

ஜன்னல் ஏன்னு கேட்டீங்களே... வர்ற புகை காரீயம் இல்லை. அந்தச் சூட்டுக்குக் காரீயம் ஆவியாகாது. அது ஃப்ளக்ஸ்ல இருக்கிற பைன் மரப் பிசின் புகை. தொடர்ந்து இழுத்தா மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோகும். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணை 12 வோல்ட்டுல ஓட விட்டு, புகையை முகத்துக்கு வராம ஜன்னல் பக்கம் இழுக்க வைங்க. காரீயம் உள்ளே போறது மூக்கு வழியா இல்லை, கை வழியா. ஈயம் தொட்ட கையோட முறுக்கு சாப்பிடாதீங்க. சோப்பு போட்டுக் கழுவிட்டு சாப்பிடுங்க. தம்பி, தங்கச்சி தவழற வீடுன்னா மேஜைக்குக் கீழ விழுந்த துணுக்கையும் ஈரத்துணியால துடைச்சுடுங்க.

ஒட்டத் தெரிஞ்சவனுக்குப் பிரிக்கவும் தெரியணும். ‘சக்கர்’னு சொல்ற டீசோல்டரிங் பம்ப் ஒண்ணு, செம்புப் பின்னல் கொஞ்சம். இது ரெண்டும் இருந்தா குப்பையில கிடக்கிற பழைய போர்டு எல்லாம் உங்களுக்கு ஓசி ஸ்டோர் ரூம்!

பவர் சப்ளை: வாங்காதீங்க, செய்யுங்க!

மேஜையில எல்லாரும் கேட்கிறது, ‘லேப் சப்ளை எது வாங்கலாம்?’ என் ஓட்டு... முதல் சப்ளையை வாங்காதீங்க. அதுதான் உங்க முதல் புராஜெக்ட்!

15 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு, ஒரு பெரிய கெப்பாசிட்டர், ஒரு எல்.எம்.317 ஐ.சி. இவ்வளவுதான். 15 வோல்ட் ஏ.சி-யை 1.414-ஆல பெருக்கினா 21. டையோடுல ஒண்ணரை போனா கிட்டத்தட்ட 20 வோல்ட். லோடு இல்லாதப்ப இன்னும் ஏறும். அதனால கெப்பாசிட்டர் 25 இல்லை, 35 வோல்ட்டா வாங்கணும். எல்.எம்.317 ஒண்ணேகால் வோல்ட்டிலிருந்து மேலே, பொட்டன்ஷியோ மீட்டரைத் திருப்பினா போதும்.

இங்கதான் பாடம் படிப்பீங்க. 18 வோல்ட் உள்ளே வருது, 5 வோல்ட் வெளியே போகுது, அரை ஆம்பியர் ஓடுது. மிச்சம் 13 வோல்ட் எங்கே போச்சு? 13-ஐ அரையால பெருக்குங்க. ஆறரை வாட் சூடா அந்தச் சின்ன ஐ.சி. முதுகுல ஏறுது. ஹீட் சிங்க் இல்லைன்னா விரல் வெச்ச இடத்துல கொப்புளம் வரும். புத்தகத்துல ‘பவர் டிஸ்ஸிபேஷன்’னு பத்து மார்க்குக்கு எழுதினது, இங்கே விரல்ல சுடும். மறக்கவே மறக்காது!

பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்-ஸை சப்ளையா மாத்தற வீடியோக்கள் நிறைய இருக்கு. ஆரம்பத்துலயே வேண்டாம். அதோட 5 வோல்ட் லைன்ல இருபது ஆம்பியர் அளவுக்கு ஓடும். பிரெட் போர்டுல ஒயர் தப்பா போச்சுன்னா அது நிக்காது, ஒயர் சிவக்கும். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்கள்ல 325 வோல்ட் டி.சி., பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தப் பெட்டியை முதல் வருஷம் திறக்காதீங்க.

கைக்கு அடக்கமானவை

நிப்பர், நோஸ் பிளேயர், ஒயர் ஸ்ட்ரிப்பர், ட்வீசர், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட். இதுல நிப்பரை மட்டும் நல்லதா வாங்குங்க. மழுங்கின நிப்பர் காலை வெட்டாது, கடிக்கும். வெட்டும்போது துண்டு கண்ணுக்குப் பறக்கும், கண்ணாடி போட்டுக்குங்க. பல்லால ஒயர் உரிக்கிற வீரத்தனம் வேண்டாம் பாஸ்.

பழைய ரேடியோ டியூன் பண்ற ஆசை இருந்தா பிளாஸ்டிக் அல்லது பீங்கான் முனை உள்ள டிரிம்மர் ஸ்க்ரூ டிரைவர் கேளுங்க. இரும்பு டிரைவரைக் காயிலுக்குள்ள விட்டா அதுவே டியூனிங்கை மாத்திடும். எடுத்ததும் ஸ்டேஷன் நகர்ந்துடும்.

பிரெட் போர்டு ஒண்ணு. ஒரு காலத்துல நிஜமாவே ரொட்டி வெட்டற பலகையில ஆணி அடிச்சுத்தான் சர்க்யூட் கட்டினாங்க. ஓட்டையில சொருகற இப்போதைய டிசைன் 1971-ல வந்தது. பேர் மட்டும் ரொட்டியிலயே நின்னுடுச்சு.

பார்ட்ஸ்? ரெசிஸ்டர்ல அடிக்கடி தேவைப்படற மதிப்புகள்ல பத்துப் பத்து. ‘104’னு போட்ட செராமிக் கெப்பாசிட்டர் நிறைய (அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். பேரியம் டைட்டனேட்ங்கிற பீங்கான்தான் உள்ளே). 1என்4007, பி.சி.547, 555, எல்.இ.டி. இவ்வளவும் ஒரு பாக்கெட்ல அடங்கும். வைக்கிறதுக்கு டப்பா வாங்காதீங்க, இருபது காலி தீப்பெட்டியை ஒட்டினா குட்டி அலமாரி ரெடி. உள் பெட்டிக்கு ஒரு சட்டைப் பொத்தான்தான் கைப்பிடி!

இப்போ வேணாம் லிஸ்ட்

ஆஸிலோஸ்கோப், ஹாட் ஏர் ஸ்டேஷன், மைக்ரோஸ்கோப், இருநூறு பார்ட்ஸ் ‘மெகா கிட்’... எதுவும் தப்பில்லை, ஆனா எதுவும் இன்னிக்கு இல்லை. ‘இந்த வேலை ஸ்கோப் இல்லாம முடியாது’ன்னு ஒரு வேலை வந்து நிக்கும் பாருங்க, அன்னிக்கு வாங்குங்க. அதுவரைக்கும் காலேஜ் லேப் ஸ்கோப் போதும். வாங்கின பிறகும் ஒரு எச்சரிக்கை. பிளக்குல ஓடற ஸ்கோப்போட எர்த் கிளிப்பை, மெயின் லைனோட நேரடியா ஒட்டி இருக்கிற சர்க்யூட்ல மாட்டாதீங்க. அந்தக் கிளிப் உள்ளே எர்த்தோட சேர்ந்தது. மாட்டின நொடியில தீபாவளி!

‘ரிஸ்ட் ஸ்ட்ராப்’? நாம உணராமலே உடம்புல ரெண்டாயிரம் வோல்ட் ஸ்டாட்டிக் இருக்கலாம், மாஸ்ஃபெட்டுக்கு அதுல ஒரு பங்கே எமன். வாங்கினா, உள்ளே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதை வாங்குங்க. சும்மா ஒரு ஒயரைக் கையில கட்டி எர்த்துல மாட்டினா, தப்பித் தவறி லைனைத் தொடும்போது நீங்களே நல்ல வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். மெயின் லைன் வேலையப்ப ஸ்ட்ராப்பைக் கழட்டிடுங்க.

பர்ஸுக்கு ஏத்த வரிசை

முதல் மாசம்: எர்த் செக், ஆர்.சி.சி.பி., சீரியல் போர்டு, மொட்டை மாடி டைல்ஸ்.

ரெண்டாவது மாசம்: மல்டிமீட்டர், நிப்பர், பிரெட் போர்டு, கொஞ்சம் பார்ட்ஸ். 9 வோல்ட் பேட்டரியிலயே நிறைய சர்க்யூட் ஓடும்.

மூணாவது மாசம்: அயர்ன், ஸ்டாண்ட், 63/37 ஈயம், சக்கர்.

நாலாவது மாசம்: டிரான்ஸ்ஃபார்மர், எல்.எம்.317, ஹீட் சிங்க். சொந்த சப்ளை!

சென்னைக்கு ஏதாவது வேலையா போறப்ப ரிச்சி தெரு பக்கம் ஒதுங்கினா, கையில எழுதின லிஸ்ட்டும் மீட்டரும் இருக்கட்டும். ஐ.சி. ஒண்ணு கேட்டா ரெண்டா வாங்குங்க. எரிஞ்சு போன ஒரு ஐ.சி-க்காக மறுபடி யாரும் இருநூறு கிலோமீட்டர் போக மாட்டாங்க.

நாலு மாசம் கழிச்சு அந்த மேஜையில என்ன நடக்கும்? பாட்டியோட ரேடியோ பேச ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு எமர்ஜென்சி லைட் வந்து சேரும். ஃபைனல் இயர்ல ரெடிமேட் கிட் வாங்கறவங்க வாங்கட்டும், உங்க போர்டுல எந்த ரெசிஸ்டர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்குன்னு உங்க விரல் நுனி சொல்லும். கேம்பஸ் இன்டர்வியூல ‘நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?’ங்கற கேள்விக்கு, ‘இதை!’ன்னு மேஜை மேல எடுத்து வைக்க ஒண்ணு இருக்கும்.

கிளாஸ் பெஞ்சைத் தட்டி கானா பாடினது போதும் மக்களே... இந்த ஞாயித்துக்கிழமை, மொட்டை மாடிக்குப் போய் அந்த டைல்ஸைத் தேடுங்க!